பாம்புக்கும் குளிரும்

மின்சார வேலை தெரிந்தவன் ஓய்வு பெற்றுவிட்டால் உறவினர்கள் அவனைச் சும்மா விடுவதில்லை. மச்சினர் வீட்டு மிக்ஸி, சம்பந்தி வீட்டு கீஸர், கோயில் திருவிழாவுக்கு சீரியல் செட் என்று வேலை வரிசையாக வந்துகொண்டே இருக்கும். பெங்களூரில் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில், இரும்பைச் சுட்டுப் பதப்படுத்தும் உலைகளுக்கு முப்பத்தோரு வருடம் மின்பராமரிப்பு பார்த்த எனக்கும் அப்படித்தான். ஆனால் ஒரு டிசம்பர் மாதம் என்னைத் தேடி வந்த வேலை போல ஒன்றை அதற்கு முன் நான் செய்ததில்லை.

என் தங்கை மகன் எங்கள் வீட்டு மாடி அறையில் தங்கி, கம்ப்யூட்டர் கம்பெனிக்கு வேலைக்குப் போய் வருகிறான். ஒரு நாள் காபி டம்ளரோடு என் அருகில் வந்து உட்கார்ந்தான்.

"மாமா, ஒரு அலமாரிக்கு ஹீட்டர் போட்டுத் தரணும்."

"எதுக்குடா, துணி காயவைக்கவா?"

"இல்லை மாமா. பாம்புக்கு."

சமையலறையில் தோசை வார்த்துக்கொண்டிருந்த என் மனைவியின் கரண்டிச் சத்தம் சட்டென்று நின்றது. அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் நடந்த விவாதத்தை இங்கே எழுதினால் பத்திரிகையில் இடம் போதாது. கடைசியில் பையன் காகிதங்களை எடுத்து மேசை மேல் வைத்தான். நம் நாட்டுப் பாம்பு எதையும் வீட்டில் வைத்து வளர்க்க 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் கொடுக்காது. இவன் வாங்க இருந்தவை 'பால் பைத்தான்' என்னும் ஆப்பிரிக்க மலைப்பாம்புகள் மூன்று. பயந்துவிட்டால் தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு பந்து போல் சுருண்டுவிடுவதால் அந்தப் பெயர். விஷம் கிடையாது. 2022-ல் திருத்தப்பட்ட சட்டத்தின்படியும், 2024-ல் வந்த விதிகளின்படியும், உலக உடன்படிக்கைப் பட்டியலில் உள்ள இத்தகைய வெளிநாட்டுப் பிராணிகளை அரசின் 'பரிவேஷ்' தளத்தில் பதிவு செய்தாக வேண்டும். அதற்கான தாள்களைத்தான் பையன் காட்டினான்.

"காகிதம் சரியா இருந்தா பாம்பு சரியாயிடுமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போன என் மனைவி, மாடிப்படியில் இனிமேல் கால் வைப்பதில்லை என்று அன்றைக்கே சபதம் செய்தாள்.

கம்பளி போர்த்தினால் போதாதா?

"பாம்புக்குக் குளிருமா? குளிர்ந்தால் ஒரு கம்பளியைப் போட்டு மூடு" என்றேன் நான். பையன் சிரித்தான். அதன் பிறகுதான் எனக்கே உறைத்தது. கம்பளி சூட்டை உண்டாக்குவதில்லை, உள்ளே இருக்கும் சூட்டை வெளியே போகாமல் காக்கிறது, அவ்வளவுதான். நம் உடம்பு தின்ற சோற்றை எரித்து எப்போதும் சூட்டை உற்பத்தி செய்துகொண்டே இருக்கிறது. பாம்பு அப்படியல்ல. வெயிலிலோ சூடான கல்லிலோ கிடந்துதான் அது வேண்டிய சூட்டை வாங்கிக்கொள்கிறது. காப்பதற்கென்று அதனிடம் சொந்தச் சூடு இல்லாதபோது கம்பளி என்ன செய்யும்?

இதற்கு ஓர் அதிசயமான விதிவிலக்கு உண்டு. நம் நாட்டு மலைப்பாம்பின் இனத்தில், முட்டைகளைச் சுற்றிப் படுத்திருக்கும் தாய் தன் தசைகளை விட்டுவிட்டு நடுங்கச் செய்து, அதனால் எழும் சூட்டில் முட்டைகளை அடைகாக்கிறது. 1841-ல் பாரிஸில் வலென்சியென் என்ற விஞ்ஞானி இந்தச் சூட்டை அளந்து எழுதினார். 1966-ல் நியூயார்க் விலங்குக் காட்சிசாலையில் நடந்த ஆய்வு, சூடு தசை நடுக்கத்திலிருந்தே வருகிறது என்று காட்டியது. ஆனால் பால் பைத்தானுக்கு இந்தச் சாமர்த்தியமும் கிடையாது.

அதன் சொந்த ஊர் கானா, டோகோ, பெனின் போன்ற மேற்கு ஆப்பிரிக்க நாடுகள். அங்கே எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் பகலைக் கழிக்கிறது. பெனின் நாட்டு ஊய்தா நகரில் இந்தப் பாம்புகளுக்கென்றே ஒரு கோயில் இருக்கிறது. தொட்டபள்ளாபூர் பக்கம் காட்டி சுப்ரமண்யாவில் நாகர் கல்லுக்குப் பால் ஊற்றிவிட்டு வரும் நமக்கு இது ஒன்றும் புதிதல்ல.

அந்த வெப்ப நாட்டுப் பிராணி வந்து சேர்ந்ததோ, கடல் மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேலே இருக்கும் பெங்களூருக்கு. இங்கே ஜனவரி இரவில் 15, 16 டிகிரி சாதாரணம். 1884 ஜனவரி 13-ம் தேதி 7.8 டிகிரி வரை இறங்கியதாகப் பதிவு இருக்கிறது. எங்கள் மாடி அறையில் விடியற்காலை 18 டிகிரி காட்டியது. பால் பைத்தானுக்கு ஒரு பக்கம் 31, 32 டிகிரியும், மறு பக்கம் 25, 26 டிகிரியும் வேண்டும். இந்தச் சூடு இல்லாவிட்டால் விழுங்கிய எலி செரிக்காமல் வயிற்றிலேயே அழுகும், பாம்பு அதைக் கக்கிவிடும். நாளாக ஆக நுரையீரலில் சளி கட்டி, வாயைத் திறந்து மூச்சு விடும். சூடு அதற்குச் சௌகரியம் அல்ல, ஜீரண சக்தியே அதுதான்.

வடநெம்மேலிப் பானைகள்

ஒரு முறை மாமல்லபுரம் போகிற வழியில் வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குள் இறங்கிப் பார்த்திருக்கிறேன். கிண்டியில் 1972-ல் பாம்புப் பண்ணை அமைத்த ராமுலஸ் விட்டேகர் தொடங்கிய இடம் அது. அதற்குள்ளேயே 1978-ல் ஏற்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கமும் இருக்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றைப் பிடித்து வந்து, மண்பானைகளில் விட்டு, வாயைத் துணியால் கட்டி வரிசையாக வைத்திருப்பார்கள். சில வாரங்களில் சில தடவை விஷம் எடுத்த பிறகு மறுபடி காட்டில் கொண்டு விட்டுவிடுவார்கள். அந்த இருளர்களில் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்ததை வாசகர்கள் படித்திருப்பீர்கள்.

அந்தக் கடற்கரை வெயிலில் பானையின் வேலை குளுமை தருவது. பெங்களூரில் நான் செய்ய வேண்டியிருந்ததோ அதற்கு நேர் எதிரானது. இருந்தாலும் அடிப்படை ஒன்றுதான். இருட்டான, இறுக்கமான, ஆள் நடமாட்டம் தெரியாத இடம் கிடைத்தால் பாம்பு அமைதியாக இருக்கும்.

அலமாரி எழுந்தது

பையன் வரைந்து காட்டியது மூன்று தட்டு கொண்ட ஒட்டுப்பலகை அலமாரி. ஒவ்வொரு தட்டிலும், மேசை டிராயர் போல இழுக்கும்படி ஒரு நீளமான பிளாஸ்டிக் தொட்டி. தொட்டிகளின் பக்கங்களில் காற்றுக்குத் துளைகள்.

குண்டு பல்பு போடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அது வேண்டாம் என்றான் பையன். இராத்திரியில் நடமாடும் பிராணிக்கு விடிய விடிய வெளிச்சம் ஆகாது, பல்பைத் தொட்டால் உடம்பும் வெந்துவிடும். அவனுடைய சிநேகிதன் ஒருவன் அமெரிக்காவிலிருந்து சூடேற்றும் நாடா கொண்டு வந்து கொடுத்திருந்தான். அதைத் திருப்பிப் பார்த்தேன். 110 வோல்ட் என்று போட்டிருந்தது. "இதை நம்ம ஊர் 230 வோல்டில் சொருகினால் சூடு இரண்டு மடங்கு ஆகும்னு நினைக்கிறியா? நாலு மடங்குக்கு மேலே ஆகும். அலமாரியே பற்றி எரியும்" என்று அதைத் தூக்கி ஓரமாக வைத்தேன். வோல்டேஜ் இரட்டித்தால் கரண்டும் இரட்டிக்கும், இரண்டும் பெருகித்தானே வாட். மாமாவுக்கு விஷயம் தெரியும் என்று பையன் முகத்தில் தெரிந்தது. எனக்கும் கொஞ்சம் தலை கனத்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

எஸ்.பி. ரோட்டுக்குப் போய், 230 வோல்டுக்கான சிலிக்கான் உறை போட்ட சூடேற்றும் ஒயர் ஒன்று வாங்கினோம். மொத்தமே 50 வாட். இருபத்துநாலு மணி நேரமும் எரிந்தால்கூட ஒரு நாளைக்கு 1.2 யூனிட்தான். கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டிகளுக்கு வைப்பார்களே, அந்த மாதிரி ஒரு டிஜிட்டல் தெர்மோஸ்டாட்டும் வாங்கினோம். ஒவ்வொரு தட்டிலும் பின்பக்கம் மூன்றில் ஒரு பங்கு இடத்தில் மட்டும் கால் அங்குல ஆழத்துக்குக் காடி வெட்டி, ஒயரைப் படுக்கவைத்து, மேலே அலுமினியப் பட்டை ஒட்டினேன். அலுமினியம் சூட்டை ஒரே கோட்டில் நிற்க விடாமல் பரப்பிவிடும். முன்பக்கம் ஒயர் கிடையாது. பின்னால் சூடு, முன்னால் குளுமை, நடுவில் எங்கே வேண்டுமோ அங்கே பாம்பு படுத்துக்கொள்ளும்.

தெர்மோஸ்டாட்டின் சென்சாரை நடுத் தொட்டிக்குள், தரையில் செல்லோடேப் போட்டு ஒட்டினேன். 32 டிகிரிக்கு வைத்தேன். முதல் வாரம் முழுவதும் தெர்மாமீட்டரோடு மாடிக்கும் கீழுக்கும் நடந்தேன். எல்லாம் கடிகாரம் போல் ஓடியது. பிறகு பாம்புகள் வந்தன, எலி தின்றன, செரித்தன. வந்தவர் போனவரிடமெல்லாம் அந்த அலமாரியைப் பற்றிப் பேசினேன்.

பொங்கல் கழிந்த நாலாம் நாள்

பையன் பொங்கலுக்கு அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போனான். "தண்ணிக் கிண்ணத்தை மட்டும் மாத்துங்க மாமா" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். நான் ஆர்வக்கோளாறில், நடுத் தொட்டியை இழுத்து, பழைய செய்தித்தாளை எடுத்துப் புதுத்தாளும் விரித்தேன். கிண்ணத்துத் தண்ணீர் கொஞ்சம் சிந்தியிருந்ததைத் துடைத்தேன். தொட்டியை உள்ளே தள்ளிவிட்டு, விளக்கை அணைத்துவிட்டுக் கீழே வந்து நிம்மதியாகப் படுத்தேன்.

மறுநாள் விடியற்காலை, கோலம் போட எழுந்த என் மனைவி என்னை உலுக்கினாள். "என்னங்க, மேலே ஏதோ கருகற வாசனை!" நான் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கும்போதே, மாடிப்படியில் கால் வைப்பதில்லை என்று சபதம் செய்தவள் எனக்கு முன்னால் மேலே ஏறிப் போய் ஸ்விட்சை அணைத்துவிட்டாள்.

நடந்தது இதுதான். ஈரத்தில் செல்லோடேப் இளகிவிட்டிருக்கிறது. தொட்டியை இழுத்தபோது சென்சார் கழன்று, துளை வழியாக வெளியே வந்து, அலமாரிக்குப் பின்னால் தரையில் விழுந்துவிட்டது. தரை 18 டிகிரி. தெர்மோஸ்டாட் பாவம் என்ன செய்யும்? '18 டிகிரிதான் இருக்கிறது, இன்னும் சூடு வேண்டும்' என்று இரவு முழுவதும் ஒயருக்குக் கரண்ட் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. தொட்டியின் பின்பக்கத் தரையில் தெர்மாமீட்டரை வைத்தேன், 46 காட்டியது.

மேல்தட்டிலும் கீழ்த்தட்டிலும் இருந்த பாம்புகள் முன்பக்க மூலையில் முகத்தை ஒட்டிக்கொண்டு சுருண்டு கிடந்தன. பிழைத்தன. நடுத் தொட்டியில் இருந்தது மட்டும் பின்னால், தன் மறைவுப் பெட்டிக்குள்ளேயே இருந்தது. எடுத்துத் திருப்பியபோது அடிவயிற்றில் விரல் நீளத்துக்குச் செதில்கள் சிவந்து வெந்திருந்தன.

என் கை நடுங்கியது. தொழிற்சாலையில் எந்த உலைக்கும் ஒரு கட்டுப்பாட்டுக் கருவியோடு நாங்கள் நிறுத்தியதில்லை. முதல் கருவி கோளாறானால் சூடு எல்லை தாண்டும்முன் கரண்டைத் துண்டிக்க, தனி சென்சாரோடு இரண்டாவது கருவி கட்டாயம் இருக்கும். அது இல்லாமல் உலையைப் பற்றவைக்க நானே விட்டதில்லை. உலைக்கு இரண்டு காவல் வைத்தவன், உயிருக்கு ஒன்று போதும் என்று நினைத்துவிட்டேன்.

ஏன் இது மட்டும் நகரவில்லை?

போனில் சொன்னதும் பையன் அன்று இரவே வந்து சேர்ந்தான். "தப்பு என் மேலதான்" என்றேன். அவன் கோபப்படவில்லை. காயத்தைப் பார்த்துவிட்டு, "மத்த ரெண்டும் முன்னாடி வந்துடுச்சே மாமா, இது மட்டும் ஏன் வரலை?" என்று கேட்டான்.

அந்தக் கேள்வி என்னைத் தூங்க விடவில்லை. இத்தனைக்கும் இந்தப் பாம்பின் உதட்டோரம் சூட்டை உணரும் குழிகள் இருக்கின்றன. இருட்டில் எலியின் உடற்சூட்டை அவற்றால் கண்டுகொள்கிறது. இந்தக் குழிகளில் சூட்டை உணரும் புரதம் எது என்று 2010-ல் கண்டறிந்தது டேவிட் ஜூலியஸின் ஆய்வுக்குழு. அவர் 2021-ல் நோபல் பரிசு பெற்றவர். அப்படிப்பட்ட பிராணிக்குத் தன் வயிறு வேகிறது தெரியாதா?

பாம்புகளுக்கு வைத்தியம் பார்க்கும் கால்நடை மருத்துவர் தீக்காயத்துக்கான களிம்பைத் தடவிக்கொண்டே இரண்டு விஷயம் சொன்னார். அடியிலிருந்து வரும் சூட்டுக்குப் பாம்பு உடனே விலகிவிடும் என்று நம்பக் கூடாது, சூடான தரையில் படுத்தபடியே வெந்துபோன பாம்புகள் நிறைய. இரண்டாவதாக, "இதுக்கு ஒளிஞ்சுக்க எத்தனை இடம் வச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

மேலேயும் கீழேயும் இருந்த தொட்டிகளில் முன்பக்கமும் பழைய அட்டைப்பெட்டி ஒன்று கிடந்தது. நடுத் தொட்டியில் தாள் மாற்றும்போது அந்த அட்டையை அழுக்கு என்று நான்தான் எடுத்துப் போட்டிருந்தேன். மறைவிடம் ஒன்றுதான் மிஞ்சியது, அதுவும் சூட்டின் மேல். வெளியே வந்தால் வெட்டவெளி. கூச்சமுள்ள பிராணி. வேகிறதா, வெளியே தெரிவதா என்ற இரண்டில் அது ஒளிந்துகொள்வதையே பிடித்துக்கொண்டது.

சூடு கொடுத்தேன், குளுமை கொடுத்தேன், நடுவில் எது வேண்டுமோ எடுத்துக்கொள் என்று பெருமைப்பட்டேன். ஆனால் பயமில்லாமல் போய்ச் சேர முடியாத குளுமை, இருந்தும் இல்லாததுதான்.

திருத்தி எழுதியது

இப்போது அந்த அலமாரி இப்படி இருக்கிறது. யாராவது செய்யப் போகிறவர்களுக்கு உதவும் என்று சொல்லி வைக்கிறேன்.

ஒன்று, சென்சார் தொட்டிக்குள் இல்லை. ஒயர் ஓடும் தட்டின் மேல், அலுமினியப் பட்டைக்கடியில் நிரந்தரமாகப் பதித்துவிட்டேன். தொட்டியை நூறு தரம் இழுத்தாலும் நகராது. தொட்டிக்குள் என்ன சூடு என்று தனித் தெர்மாமீட்டரில் பார்த்து, அதற்குத் தக்கபடி தெர்மோஸ்டாட்டைத் திருத்திக்கொண்டேன்.

இரண்டு, தனி சென்சாரோடு இரண்டாவது தெர்மோஸ்டாட். முதலாவதைவிட மூன்று டிகிரி மேலே வைத்து, இரண்டின் வழியாகவும் கரண்ட் போகும்படி தொடராக இணைத்திருக்கிறேன். முதலாவது ஏமாந்தாலும் இரண்டாவது அணைத்துவிடும். இதோடு ஃப்யூஸ் ஒன்று, மின்கசிவு வந்தால் துண்டிக்கும் பிரேக்கர் ஒன்று.

மூன்று, ஒவ்வொரு தொட்டியிலும் ஒரே மாதிரி இரண்டு மறைவுப் பெட்டிகள், சூட்டுப் பக்கம் ஒன்று, குளுமைப் பக்கம் ஒன்று.

நான்கு, கரண்ட் போனால் பதறுவதில்லை. வெந்நீர் நிரப்பிய பாட்டில்களைத் துண்டில் சுற்றித் தொட்டிக்குப் பின்னால் வைத்து, காற்றுத் துளைகளை விட்டுவிட்டு, அலமாரியைச் சுற்றிக் கம்பளி போர்த்துகிறோம். உள்ளே சூடு இருக்கும்போது கம்பளிக்கு வேலை உண்டு. கரண்ட் வந்ததும் கம்பளியை எடுத்துவிட வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆசைக்கு வாங்கிவிட்டுச் சூடும் இடமும் கொடுக்க முடியாமல் தவிப்பவர்கள் உண்டு. 2023 செப்டம்பரில் நம் பெங்களூர் விமான நிலையத்தில், பாங்காக்கிலிருந்து வந்த பெட்டிகளில் 55 பால் பைத்தான்களும் 17 ராஜநாகங்களும் உயிரோடும், 6 குரங்குகள் செத்தும் கிடைத்தன. அந்தப் பெட்டிகளில் எந்தத் தெர்மோஸ்டாட் இருந்தது? வளர்க்க முடியாதவர்கள் வெளியே விட்டாலும் கேடுதான். அமெரிக்காவின் ஃபுளோரிடா சதுப்பு நிலத்தில் அப்படிப் பெருகிய பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்க, மேலே சொன்ன மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017-ல் விமானம் ஏற வேண்டி வந்தது.

நடுத் தட்டுப் பாம்பு இரண்டரை மாதம் எதுவும் தின்னவில்லை. ஒரு சட்டை உரித்தது, இன்னொன்று உரித்தது. ஒவ்வொரு முறையும் காயம் கொஞ்சம் சுருங்கியது. ஏப்ரலில் ஒரு இரவு பையன் மாடியிலிருந்து, "மாமா, எலியை எடுத்துக்கிச்சு!" என்று கத்தினான். நான் படியேறிப் போய்ச் சேரும்போது வால் மட்டும்தான் வெளியே தெரிந்தது. அடிவயிற்றில் நாலைந்து செதில்கள் கோணலாகவே நின்றுவிட்டன. அவற்றைப் பார்க்கும் போதெல்லாம் எனக்கு அந்த விடியற்காலை ஞாபகம் வரும்.

என் மனைவி இன்றைக்கும் பாம்பைத் தொடுவதில்லை. ஆனால் கோலம் போடுவதற்கு முன் மாடிக்கு ஒரு நடை போய்விட்டுத்தான் வருகிறாள். வந்து, பால்காரன் கணக்குச் சொல்வது போல, "பின்னாலே முப்பத்தொண்ணு, முன்னாலே இருபத்தாறு" என்று சொல்லிவிட்டுக் காபி போடப் போகிறாள்.